நூற்றெட்டுத் தேங்காயும் ஓட்டைக் கூரையும்

ஒரு வேலையை, அது தெரிந்தவர் வந்து செய்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு வராது. ரொம்ப நாள் இதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். நாலு பேர் முன்னால் அதைச் சொல்லவும் செய்வாள். எழுத்தில் போட முடியாத பெயர். (அதில் "கொழுப்பு" என்பதுதான் மரியாதையான பகுதி.)

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பினாங்குத் தீவில், கெலுகோரில் அக்கா வீட்டில் தங்கி, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டி, கண் மட்டும் வெளியே தெரிய, தூசி நுழையக் கூடாத ஓர் அறைக்குள் தூசி நுழைந்துவிட்டதா என்று பார்க்கிற வேலை. யாராவது மூக்கைச் சொறிந்தால்கூட நான் அறிக்கை எழுதுவேன். தூசியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று சொல்லிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஆள் நான். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவருக்கு நெஞ்சைத் திறந்து இருதய அறுவை நடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடி அக்கா வேண்டிக்கொண்டாள்: இவர் பிழைத்து வந்தால், தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும்போது, இவர் கையாலேயே நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பார். மாமா மயக்கத்தில் இருந்ததால் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. (முழித்திருந்தால் ஐம்பத்தொன்றுக்குப் பேரம் பேசியிருப்பார்.) மாமா பிழைத்து வந்தார். தேங்காய் பாக்கி நின்றது.

பினாங்கில் ரதத்துக்குத் தேங்காய் கிடைப்பது பெரிய விஷயமில்லை. சொல்லிவைத்தால் லாரியில் கொண்டுவந்து வாசலிலேயே கொட்டுவார்கள். மாமா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. பாலம் தாண்டி அந்தக் கரையில் இருக்கிற தாசேக் கெலுகோரில் தெரிந்தவர் ஒருவருடைய தோட்டத்துக்கு என்னைக் கார் ஓட்டச் சொல்லிக் கூட்டிப்போனார். அறுவைக்குப் பிறகு அவர் அவ்வளவு தூரம் வெளியே வந்தது அன்றுதான். அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உரித்துக் கொடுத்த ஒவ்வொரு காயையும் காதருகே வைத்து ஆட்டி, விரலால் சுண்டி, பிடித்ததை இந்தப் பக்கமும் பிடிக்காததை அந்தப் பக்கமும் வைத்தார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. காலை முழுக்க அதிலேயே போனது.

"என்ன மாமா, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்றேன்.

"பொண்ணு பாக்கும்போது நான் இவ்ளோ பாக்கல மாப்ளே. சும்மா தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்," என்றார். பிறகு ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஒவ்வொண்ணும் ஒரே அடியில ஒடையணும்லா. ஒங்க அக்கா பாத்துக்கிட்டு நிப்பா. இந்த ஆளுக்கு இன்னும் தெம்பு இருக்குன்னு அவளுக்குத் தெரியணும்."

அந்த நூற்றெட்டும் ஆறு சாக்குகளில் வீட்டுக்கு வந்தன. கூடவே அக்காவின் சட்டங்களும் வந்தன. காணிக்கைத் தேங்காய் தரையில் படக்கூடாது. யாரும் அதைத் தாண்டக் கூடாது. செருப்புக் கால் கிட்டே போகக் கூடாது. வீட்டுக்குள் வைக்கலாமென்றால் கூடத்தில் மாமாவின் கட்டில், சாமியறையில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே வரவேண்டும். ஆகவே கராஜில், ஒரு நீள பெஞ்சின் மேல் சாக்குகளை வரிசையாக வைத்தோம்.

அந்தக் கராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுப் பக்கவாட்டில் நாலு இரும்புத் தூண், மேலே நெளிநெளியான அஸ்பெஸ்டாஸ் தகடு, அடியில் மாமாவின் பழைய கார். வீடு வாங்கும்போதே இருந்த கூரை. பாசி பிடித்து, கறுத்து, ஆணிகள் துருவேறி, முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. ஜனவரியில் பினாங்கில் மழை பெய்யாது என்பது எல்லோருடைய நம்பிக்கை. மழைக்கு அந்த நம்பிக்கை இல்லை. தேங்காய் வந்த மூன்றாம் நாள் கொட்டியது. கூரை ஏழு இடத்தில் ஒழுகியது. வாளி, அண்டா, ஐஸ்கிரீம் டப்பா எல்லாவற்றையும் வைத்தேன். பெஞ்சை மூன்று முறை நகர்த்தினேன். நகர்த்திய இடத்திலெல்லாம் புதிதாக ஓர் ஒழுகல் பிறந்தது. சாக்கு நனைந்துவிட்டது.

"பூஞ்சை புடிச்ச காயை முருகனுக்கு ஒடைக்கச் சொல்றியாடா?" என்றாள் அக்கா.

"நான் பாத்துக்கிறேன்க்கா," என்றேன். அறுவை முடிந்து மாமா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எது கெட்டாலும் நான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது.

பக்கத்து வீட்டில் ஒரு சீன அங்கிள். இரும்புச் சாமான் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ராஜன் அண்ணனின் நம்பரைக் கொடுத்தார். ராஜன் அண்ணன் கூரை வேலை செய்கிறவர். வந்தார், மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்காமலேயே அண்ணாந்து பார்த்தார், இறங்கினார், ஏணியில் பாதி ஏறி இன்னொரு தரம் பார்த்தார்.

"தம்பி, இது பழைய அஸ்பெஸ்டாஸ் ஷீட். பிஸ்கட்டு மாதிரி ஆயிருச்சு. மேல ஏறாத. எதையும் மேல வைக்காத. ஓட்ட போடாத. ஒடஞ்சி விழுந்தா வெளக்கமாத்தால கூட்டாத, தண்ணி அடிச்சி நனைச்சித்தான் எடுக்கணும். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போச்சின்னா வெளிய வராது. வீட்டுல ஆப்பரேசன் பண்ணுன ஆளு வேற இருக்காரு."

"சரிண்ணே, எப்ப மாத்துவீங்க?"

"பசங்க ரெண்டு பேரும் காவடி எடுக்குறானுங்க. நானும் விரதம். தைப்பூசம் முடிஞ்சி வந்து முறையா கழட்டித் தர்றேன். அதுவரைக்கும் சாமானத்த உள்ள எடுத்து வச்சிட்டுச் சும்மா இரு."

சும்மா இரு. அதுதான் எனக்கு ஆகாத சொல். அதிலும், தூசியைப் பற்றி எனக்கே ஒருவர் பாடம் எடுத்துவிட்டுப் போகிறார். பாயான் லெப்பாஸில் என்னைக் கண்டால் தூசி நடுங்கும். (தூசி நடுங்கியதாக யாரும் வந்து என்னிடம் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.)

மாமா கூடத்தில் இருந்து கேட்டார். "ராஜன் என்ன சொன்னான் மாப்ளே?"

"தைப்பூசம் முடிஞ்சி வந்து மாத்தித் தர்றேன்னாரு மாமா."

அது பொய் இல்லை. ராஜன் அண்ணன் சொன்னதில் கடைசி வரி அது. அதற்கு முன்னால் சொன்ன எல்லாவற்றையும் நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். மாமாவை எதற்குக் கவலைப்படுத்த வேண்டும் என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், முழுசாகச் சொன்னால் என்னை மேலே கை வைக்க விட மாட்டார்கள் என்பதுதான்.

அடுத்த நாளே பெரிய நீலக் கன்வாஸ் ஒன்று வாங்கிவந்தேன். ஏணியில் நின்றபடியே அதைக் கூரை மேல் விரித்தேன். (மேலே ஏறவில்லை. ராஜன் அண்ணன் பேச்சில் ஒரு சொல்லையாவது கேட்டேன் என்று கணக்கில் இருக்கட்டும்.) கன்வாஸ் காற்றில் படபடவென்று எழுந்தது. பாரம் வேண்டும். செங்கல் வைக்கலாம், ஆனால் முனை குத்தித் தகடு விரிசல் விட்டுவிடும். உருண்டையாக, முனையில்லாமல், கனமாக ஒன்று வேண்டும். திரும்பிப் பார்த்தேன். பெஞ்சின் மேல் ஆறு சாக்கு இருந்தது.

அந்த நேரத்தில் என் மூளை போட்ட தர்க்கத்தை இன்றைக்கும் நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். அக்காவின் சட்டப்படி தேங்காய் தரையில் படக்கூடாது. கூரை தரையில்லை. யாரும் தாண்டக் கூடாது. கூரையைத் தாண்டிப் போகிற மனிதன் கெலுகோரில் இல்லை. செருப்புக் கால் படாது. வெயில் அடித்தால் ஈரம் காயும். கன்வாஸும் பறக்காது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்களே, நான் எண்ணியபோது அஞ்சு மாங்காய் இருந்தது.

ஆறு சாக்கையும் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி ஏணி ஏறி, கன்வாஸ் அதிகமாக எழும்பிய நடுப்பகுதியில் கம்பால் தள்ளித் தள்ளி வைத்தேன். அக்கா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தில் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் தெரிந்தது. அது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

"ஒசரத்துல, வெயில்ல, யாரு கையும் படாம! இன்னிக்குத்தான்டா நீ ஒரு உருப்படியான வேல செஞ்சிருக்க," என்றாள்.

மாமா மட்டும் வாசற்படியில் நின்று கேட்டார். "தாங்குமா மாப்ளே?"

"தாங்கும் மாமா."

அது தாங்கியது, இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் தொழிற்சாலையில் கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் என் கூரை வேலையைப் பற்றிச் சொன்னேன்.

ரதத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில், மழை வந்தது. அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்கு மத்தியான வேலை. கராஜில் போய் நின்று பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அண்டாவும் வாளியும் காய்ந்து கிடந்தன. பெருமையில் ஏணியில் ஏறி மேலேயும் எட்டிப் பார்த்தேன். சாக்குக்கும் சாக்குக்கும் நடுவே கன்வாஸ் தொய்ந்து, தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. இன்னும் பெய்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் கன்வாஸின் ஓரத்தை மெல்ல இழுத்துத் தண்ணீரை வடித்திருக்க வேண்டும். ஆனால் நான் கல்யாணப் பந்தல்களில் வளர்ந்தவன். நம் கல்யாணத்தில் மழை பெய்தால் என்ன செய்வோம்? பந்தலில் தண்ணீர் தேங்கும். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நாலு ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு கம்பை எடுத்து அடியிலிருந்து மேலே முட்டுவார்கள். தண்ணீர் ஓரமாகச் சரிந்து சோவென்று கொட்டும், பக்கத்தில் நின்ற பெண்கள் கத்துவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். சாப்பாட்டுப் பந்தியில் உட்காரவே விடாத சொந்தக்காரர்கள்கூட அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் நல்ல பெயர்.

கொடியில் துணி போடுகிற நீளக் கம்பை எடுத்துவந்தேன். காருக்குப் பக்கத்தில், வெளியோரமாகக் காலை அகட்டி நின்றேன். "ஏய்!" என்று ஒரு சத்தமும் கொடுத்து, அடியிலிருந்து ஓங்கி ஒரு முட்டு முட்டினேன்.

பந்தலில், கம்புக்கும் கன்வாஸுக்கும் நடுவே ஒன்றும் இருக்காது. இங்கே நடுவில் ஒரு கூரை இருந்தது. இந்தச் சின்ன வித்தியாசம் கம்பு மேலே போய்த் தட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதலில் 'டக்' என்று ஒரு சத்தம், ஓடு உடைகிற மாதிரி. நல்லவேளை, என் கால்களுக்கு என்னைவிட அறிவு அதிகம். அவை என்னைக் கேட்காமலே வெளியே குதித்தன. பிறகு நடுக்கூரை முழுக்க இறங்கியது. தகடு, கன்வாஸ், குட்டைத் தண்ணீர், ஆறு சாக்கு. சாக்குகள் கிழிந்து நூற்றெட்டுத் தேங்காயும் மாமாவின் கார் மேலேயும் சிமெண்டுத் தரையிலும் மடார் மடார் என்று விழுந்தன, பாதிக்கு மேல் உடைந்தன. முன்கண்ணாடி போனது. ஒன்றிரண்டு காய்கள் கேட்டைத் தாண்டி உருண்டு சாலைக்கே போய்விட்டன. எல்லாம் அடங்கிய பிறகு, மெதுவாக ஒரு வெள்ளைப் புகை எழுந்தது. அது புகை இல்லை என்று எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு அங்கிள் குடையோடு வெளியே வந்தார். தரையெல்லாம் தேங்காய்ச் சில்லும் இளவெள்ளைத் தண்ணீருமாகக் கிடப்பதைப் பார்த்தார். வருஷா வருஷம் ரதத்துக்கு அவரும் தேங்காய் உடைக்கிறவர்தான். "ரதம் இன்னிக்கேவா?" என்று மலாயில் என்னைக் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கார் பக்கமோ தேங்காய் பக்கமோ அவர் பார்க்கவில்லை. என் தலையைத் தடவி, தோளைத் தடவி, "மாப்ளே, அடி பட்டுச்சா? எங்க பட்டுச்சி, சொல்லு," என்றார். படவில்லை என்றேன். அதற்கப்புறம்தான் திரும்பி, கீழே கிடந்ததைப் பார்த்தார். "சரி. ஆளு தப்பிச்சது பெருசு," என்றார். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

அடுத்து நான் செய்ததுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. கூரை விழுந்தது என் முட்டாள்தனம். அதை வைத்துச் சிரிக்கலாம், சிரித்துக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் அப்போது என் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: அக்கா வருவதற்குள் இந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும். விளக்குமாற்றை எடுத்தேன். கார் நின்ற உள்பக்கம் நனையாமல் காய்ந்து கிடந்தது. அங்கே விழுந்த தூளைக் கூட்ட ஆரம்பித்தேன். வெள்ளையாகக் கிளம்பியது.

"ஜாங்கான் சாப்பு! ஜாங்கான் சாப்பு!" கூட்டாதே, கூட்டாதே என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அங்கிள் கத்தினார். நான் இன்னும் வேகமாகக் கூட்டினேன். தப்புச் செய்தவனுக்குச் சுத்தம் செய்கிற வெறி வந்துவிடும், அது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வெள்ளைக்கு நடுவே மாமா குந்தி உட்கார்ந்தார். உடையாத காய்களைப் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் தோளில் கிடந்த துண்டால் துடைத்து, காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்து, பக்கத்தில் வைத்தார். பிறகு அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். ராஜன் அண்ணன் சொன்னது அத்தனையும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் "மாமா, எழுந்து உள்ள போங்க" என்று நான் சொல்லவில்லை. சொன்னால் "ஏன்?" என்று கேட்பார். அவர் இருமத் தொடங்கினார்.

அங்கிள்தான் ராஜன் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். விரதத்து மஞ்சள் வேட்டி, மூக்கில் முகமூடி, கையில் ரப்பர் குழாய்.

"எல்லாரும் வெளிய வாங்க! மொதல்ல அண்ணன வெளிய கூட்டிட்டு வாங்க! டேய், அந்த வெளக்கமாத்தக் கீழ போடுறா!"

(அதுவரை தம்பியாக இருந்த நான் அந்த நொடியில் டேய் ஆனேன். அதற்கப்புறம் தம்பியாகவே இல்லை.)

எல்லாவற்றின் மேலும் தண்ணீர் பீய்ச்சினார். ஒரு முறை நின்று, தேங்காய்த் தண்ணீரில் ஊறிக் கிடந்த பக்கத்தைப் பார்த்து, "நீ செஞ்சதுலயே நல்ல காரியம் இந்தத் தேங்காத் தண்ணிய ஊத்துனதுதான். இங்கயாவது தூசி அடங்கிக் கெடக்கு," என்றார். பிறகு குழாயை மூடிவிட்டு என்னிடம் திரும்பினார். "நான் அன்னிக்கு ஒங்கிட்ட என்ன சொன்னேன்? மேல ஒண்ணும் வைக்காதன்னு சொன்னேனா இல்லையா? கூட்டாதன்னு சொன்னேனா இல்லையா? ஆப்பரேசன் பண்ணுன ஆளு இருக்காருன்னு சொன்னேனா இல்லையா?"

கேட்டருகே நின்றிருந்த மாமா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. இவன் எங்கிட்ட ஏன் சொல்லலே என்று யோசிக்கிற முகமாக இருந்தது அது. 

உடைந்த தகட்டையும் தேங்காயையும் ராஜன் அண்ணன் நனைத்து நனைத்து, தடித்த பிளாஸ்டிக் பைகளில் இரட்டையாகக் கட்டினார். மாமா முழுசாக இருந்தவற்றைக் காட்டி, "இத நல்லா கழுவி எடுத்துக்கலாமா ராஜா?" என்று கேட்டார்.

"வேணாண்ணே. ரதம் போன பொறவு ஒடச்ச காய நாலு ஏழ சனம் பொறுக்கிட்டுப் போயி கறி வைக்கும். நம்ம தூசி அவுங்க வீட்டுக்குப் போகக் கூடாது."

மாமா தலையாட்டினார். கையில் வைத்திருந்த காயைத் தானே பைக்குள் போட்டார்.

அக்கா வந்தாள். கூரை இருந்த இடத்தில் வானத்தைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், பைகளைப் பார்த்தாள். அவள் திட்டுவாள் என்று தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, "அவர் நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ராஜன் அண்ணனிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. அன்றிலிருந்து மூன்று நாள் அக்கா என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் தட்டில் வந்தது.

மாமாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். "ஒரு நாள் தூசியில பெருசா ஒண்ணும் வராதுலா. இந்த இருமல் எரிச்சல்தான், அடங்கிரும்," என்றார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். "ஆனா அஸ்பெஸ்டாஸ் தூசி என்ன பண்ணும்னு இப்ப தெரியாது. பல வருஷம் கழிச்சித்தான் தெரியும். வரவே வராதுன்னு என்னால எழுதித் தர முடியாது." விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். கடைசியாக, இருமல் நிற்கிற வரை கூட்டத்துக்கும் சாம்பிராணிப் புகைக்கும் மாமா போகக்கூடாது என்றார். அதாவது ரதத்துக்குப் போகக்கூடாது.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கடன் வாங்கிய வேனில் தாசேக் கெலுகோருக்கு ஓடினேன். தோட்டக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "நல்ல காயெல்லாம் ஒங்க மாமா அன்னிக்கே பொறுக்கிட்டுப் போயிட்டாரே தம்பி. இப்ப இருக்கிறது அவரு வேணாம்னு ஒதுக்குனது." மாமா ஒதுக்கிய நூற்றெட்டைத்தான் ஏற்றிக்கொண்டு வந்தேன். பிறகு என் கட்டிலில் பாயை விரித்து அத்தனையையும் அடுக்கிவிட்டு, தரையில் படுத்துக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கட்டில் முதல் நாளிலிருந்தே இங்கேதான் இருந்தது. தரையில் படவில்லை, தாண்ட ஆளில்லை, மேலே ஒழுகவில்லை. "சாமானத்த உள்ள எடுத்து வை" என்று ராஜன் அண்ணன் சொன்னதற்கு இவ்வளவுதான் அர்த்தம். நான் ஒரு வாரம் தரையில் படுத்திருந்தால் போதும்.

ரதம் வரும் நாள், அதிகாலையில் சாலையோரம் இடம் பிடித்தோம். அக்கா, நான், பக்கத்து வீட்டு அங்கிள். அங்கிள் தன்னுடைய தேங்காய்களை எங்களுக்குப் பக்கத்திலேயே குவித்திருந்தார். மாமாவுக்குப் பதிலாகக் குடும்பத்தில் ஒருவர் உடைக்கலாம் என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். குடும்பத்தில் நின்ற ஒரே ஆண் நான். அக்கா போனில் வீடியோ கால் போட்டுப் பிடித்தபடி நின்றாள். வீட்டில் மாமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரதம் வந்தது. நாதஸ்வரமும் மேளமும் கூட்டமும் வெள்ளிப் பளபளப்புமாக. நான் முதல் தேங்காயை ஓங்கி அடித்தேன். அது உடையாமல் பந்தாக எழும்பி, அங்கிளின் காலடியில் போய் நின்றது. இரண்டாவதும் அப்படியே. சுற்றி நின்றவர்கள் 'ச்சு' கொட்டினார்கள். மூன்றாவது உடைந்தது, உள்ளே தண்ணீரே இல்லை.  அங்கிளின் காய்கள் ஒவ்வொன்றும் ஒரே அடியில் சிதறிக்கொண்டிருந்தன. முப்பதைத் தாண்டுவதற்குள் எனக்குத் தோள் கழன்றுவிட்டது. உடையாததை எடுத்து எடுத்துத் திரும்ப அடித்தேன். வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. (வேர்வை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.)

அந்த இரைச்சலிலும் அக்காவின் போனிலிருந்து மாமாவின் குரல் கணீரென்று கேட்டது. "மாப்ளே! கையால அடிச்சா ஒடையாது! அந்தக் கம்ப எடுத்து அடியிலேர்ந்து ஒரு முட்டு முட்டு!"

அக்கா சிரித்துவிட்டாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. அங்கிளுக்கு நான் மலாயில் சொல்ல, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போனுக்குள் மாமாவும் தன் கேலிக்குத் தானே சிரித்தார். சிரிப்பு நடுவில் இருமலாக மாறியது. நிற்காமல் இருமினார். அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன். தேங்காயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். கடைசியில் மாமா, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஒடைடா, ரதம் போகுது," என்றார்.

மிச்சத்தை ஒரு சத்தமும் போடாமல் உடைத்தேன்.

அந்த இருமல் இரண்டு வாரத்தில் அடங்கியது. தைப்பூசம் முடிந்து ராஜன் அண்ணன் ஆட்களோடு வந்து மிச்சக் கூரையை முறையாகக் கழற்றி, தகரம் போட்டார். அடுத்த வருஷம் மாமா தன் கையாலேயே நூற்றெட்டையும் உடைத்தார். தொண்ணூற்றாறு ஒரே அடியில் என்று அக்கா எண்ணிச் சொன்னாள். இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்குக் கல்யாணம் ஆகி, இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். மாமா வருஷா வருஷம் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கிறார். நான்தான் கூட்டிப்போகிறேன், யாரும் கேட்காமலே.

இப்போது மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாம் அக்கா வீட்டில் கூடும்போது, அவருக்கு ஒரு தே ஓ, பால் இல்லாத தேநீர், வேண்டுமென்றாலோ, டிவி ரிமோட் எட்டவில்லை என்றாலோ, என் பக்கம் திரும்பி இரண்டு முறை இருமுவார். கூடவே ஓரக்கண்ணால் கூரையைப் பார்ப்பார். நான் எழுந்து ஓடுவேன். என் மனைவி சிரிப்பாள், பிள்ளைகள் சிரிப்பார்கள், அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். என் சின்ன மகள்கூட ஏதாவது வேண்டுமென்றால் இப்போது என்னைப் பார்த்து இருமக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அது நடிப்பு இருமல் என்று எனக்குத் தெரியும். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அடுப்படியில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, மூன்றாவது இருமல் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு நிற்பேன்.